சார்வாளை ஆறு மணிக்கு எடுக்காவ!

போன மாதம் ஒரு புதன்கிழமை காலை ஆறு மணிக்கு என்னை எடுப்பதாக இருந்தது.

பதற வேண்டாம். நான்தான் எழுதுகிறேன். ஆவியெல்லாம் இல்லை. ஆனால் பாளையங்கோட்டையில் எங்கள் தெருக்காரர்கள் எட்டுப் பேர் அன்றைக்கு விடிந்ததும் விடியாததுமாக வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு, ரோஜா மாலையும் கையுமாக என் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். ஒருவர்கூடக் குளிக்கவில்லை. துஷ்டி வீட்டுக்குப் போய்விட்டு வந்து எப்படியும் தலை முழுக வேண்டும், எதற்கு இரண்டு தடவை?

ஆமாம், துஷ்டி. சாவு வீட்டை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். அன்றைய துஷ்டி என்னுடையது.

எப்படி என்று கேட்கிறீர்களா? எல்லாம் ஒரே ஒரு வார்த்தையால் வந்த வினை. அதற்கு முன்னால் ஹெப்சியைத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஹெப்சிபா என் எதிர்வீட்டு ஞானராஜ் சாரின் ஒரே மகள். இருபத்தாறு வயது. ஞானராஜ் சார் ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். அவருடைய அப்பா வாத்தியார், அக்கா டீச்சர், மனைவி டீச்சர், மைத்துனர் டிரில் மாஸ்டர். அந்த வீட்டுப் பூனை கொஞ்சம் தாமதமாக வந்தால்கூட 'ஏன் லேட்?' என்று கேட்பார்கள். அப்படிப்பட்ட வீட்டில் பிறந்து, பி.எட். வரை முடித்த பெண், ஒருநாள் சாப்பிடும்போது தலை நிமிராமல், "அப்பா, நான் தீயணைப்பு வேலைக்குப் போறேன்" என்று சொன்னால்?

வீட்டுக்குள்ளேயே தீப்பிடித்துக்கொண்டது. அணைக்கத்தான் ஆள் இல்லை.

எங்கிருந்து வந்தது இந்த ஆசை? இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தாளாம். வழியில் பைக்கில் வந்த ஒருவர் வாழைத்தார் ஏற்றிய வேனில் மோதிக் கிடந்தார். பஸ்ஸே இறங்கிப் போய்ச் சுற்றி நின்றது. ஒருத்தர் 'சோடா வாங்கிட்டு வா' என்கிறார். ஒருத்தர் 'உக்கார வை' என்கிறார். இன்னொருத்தர் 'படுக்க வை' என்கிறார். நாலு பேர் செல்போனில் படம் பிடிக்கிறார்கள். ஹெப்சி தாம்பூலப் பையைப் பிடித்தபடி நிற்கிறாள். அப்புறம் ஆம்புலன்ஸ் வந்தது. ஏறக்குறைய இவள் வயசில் ஒரு பெண் இறங்கினாள். "தள்ளுங்க" என்றாள். கூட்டம் தள்ளிக்கொண்டது.

"அத்தன பேருல ஒரே ஒரு ஆளுக்குத்தான் மாமா என்ன செய்யணும்னு தெரிஞ்சிருந்துச்சு" என்று என்னிடம் சொன்னாள். "நான் அந்த ஒரு ஆளா இருக்கணும்."

அப்பாவோடு சண்டை போட்டு, அம்மா வழியாகத் தூது விட்டு, தீயணைப்பும் அவசர மருத்துவ உதவியும் சேர்ந்த ஒரு வருஷப் படிப்பை முடித்துவிட்டாள். தூத்துக்குடிப் பக்கம் ஒரு பெரிய தொழிற்சாலை. தீயணைப்பு வண்டியும் ஆம்புலன்சும் சொந்தமாக வைத்திருக்கும் அவசரப் பிரிவு அங்கே இருக்கிறது. எழுத்துத் தேர்வு பாஸ். இன்டர்வியூ பாஸ். கடைசியாக உடல் தகுதித் தேர்வு. ஓர் ஆளைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு நிமிஷத்துக்குள் நூறு மீட்டர் ஓட வேண்டும்.

ஹெப்சி வீட்டு மாடியில் மணல் மூட்டையைத் தூக்கித் தூக்கிப் பழகியிருந்தாள். தேர்வில் கொடுத்ததோ உயிருள்ள ஆளை. மணல் மூட்டை கொடுத்த இடத்தில் கிடக்கும். மனுஷன் கிடப்பானா? கை ஒரு பக்கம் ஆடுகிறது, கால் ஒரு பக்கம் ஆடுகிறது. 'பாத்தும்மா... பாத்தும்மா...' என்று முனகல் வேறு. எழுபதாவது மீட்டரில் முட்டி மடங்கிவிட்டது. போனால் போகிறது, ஒரு மாதம் கழித்து இன்னொரு தடவை வாருங்கள், அதுதான் கடைசி என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

ஞானராஜ் சாருக்கு உள்ளூரச் சந்தோஷம். மகளை உட்காரவைத்து ஒப்பந்தம் போட்டார்.

"ஏட்டி, இந்தத் தடவையும் தவறிட்டுன்னா வர்ற ஜூன்ல பள்ளிக்கூடத்துல சேரணும். நான் எடம் சொல்லி வச்சிருக்கேன். பொறவு தீ, கீன்னு வாயத் தொறக்கப்படாது. சம்மதமா?"

"சம்மதம்ப்பா" என்று சொல்லிவிட்டாள். வேறு வழி?

நான் சும்மா இருந்திருக்கலாம். எழுதுகிறவனுக்கு வாய் சும்மா இருக்குமா? அன்று சாயங்காலம் கால்வாய்க் கரையில் இரண்டு பேரும் வாக்கிங் போகும்போது, "விடும்வே... பிள்ள ஆசப்படுதா, போகட்டும்" என்றேன். ஞானராஜ் சார் நின்றுவிட்டார்.

"எல்லாரும் வெளிய ஓடியாருவாவ. எம்மவ மட்டும் உள்ள ஓடணுமோ? உம்ம மவன் பெங்களூர்ல ஏசி ரூம்லல்லா உக்காந்திருக்கான். அவன அனுப்பும்வே!"

அதோடு என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டார். மூன்று வாரம். எதிரும் புதிருமான வீடு, ஒரே பால் கடை, ஒரே பேப்பர்காரர். கேட்டைத் திறந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

எனக்குக் கோபம் வந்தது. அப்புறம் வெட்கம் வந்தது. அவர் கேட்டது சரிதானே? நம் வீட்டில் தீப்பிடித்தால் யாராவது ஓடி வர வேண்டும். நமக்கு நெஞ்சு வலித்தால் யாராவது தூக்கிப் போக வேண்டும். அந்த 'யாராவது' மட்டும் நம் பிள்ளையாக இருக்கக் கூடாது! ஆம்புலன்ஸ் பத்து நிமிஷம் தாமதமாக வந்தால் தெருவையே ரெண்டு பண்ணுகிற நாம், அதில் ஏறிப் போக எத்தனை பிள்ளைகளை அனுப்பியிருக்கிறோம்? நான் அனுப்பியது பூஜ்யம்.

அதனால்தான் ஹெப்சி வந்து கேட்டபோது மறுக்க முடியவில்லை.

"மாமா, உங்க வெயிட் என்ன?"

"அறுபத்தாறு. ஏம்மா?"

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "எனக்கு அறுபத்தஞ்சு கிலோவுல உயிருள்ள ஆளு வேணும் மாமா. கர்த்தராப் பாத்துல்லா உங்கள எதிர்வீட்டுல வச்சிருக்காரு!"

முப்பது வருஷமாக எழுதுகிறேன். என்னைக் கடவுளின் ஏற்பாடாகப் பார்த்த முதல் வாசகி இவள்தான். உடனே சம்மதித்தேன். ஒரே ஒரு நிபந்தனை: என் மனைவி கோமதிக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் என்ன சொல்வாள் என்று எனக்கு மனப்பாடம். "எந்திரிச்சி ஒரு செம்பு தண்ணி மோந்து குடிக்க மாட்டிய. தெருவுல போயி தொங்கப் போறியளோ?"

இனிதான் வினை ஆரம்பம்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஹெப்சி தெருமுனைப் பேச்சிமுத்து டீக்கடைக்கு முட்டை வாங்கப் போயிருக்கிறாள். அங்கே நின்றபடியே தன்னோடு படித்த மலருக்குப் போன். மறுநாள் ஸ்டாப்வாட்ச் பிடிக்க வருகிறவள் இந்த மலர்தான். டீக்கடையில் எல்லோர் காதிலும் விழுந்தது இது:

"மலரு, நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு எதிர்வீட்டு மாமாவ எடுக்கணும். லேட்டாக்கிராத. வெயில் வந்துட்டுன்னா தாங்காது... ஆள் கூட்டமெல்லாம் வேண்டாம், நாம ரெண்டு பேரு போதும்... அத்தைக்கு இன்னும் தெரியாது. தெரிஞ்சா அழுது ஊரக் கூட்டிருவாவ."

ஜிம்முக்குப் போகிற பிள்ளைகள் 'வெயிட் எடுக்கிறேன்' என்பார்கள் இல்லையா, அந்தப் பழக்கத்தில் சொல்லியிருக்கிறாள். ஆனால் நம் ஊரில் மனுஷனை 'எடுப்பது' என்றால் ஒரே அர்த்தம்தானே உண்டு? 'எப்ப எடுக்காவ?' அதைக் கேட்டுக்கொண்டுதானே துக்க வீட்டுக்கே கிளம்புகிறோம்! லீவு போடுவதா, பெர்மிஷன் போதுமா என்பதெல்லாம் அந்தப் பதிலில்தான் இருக்கிறது.

பேச்சிமுத்து டீ ஆற்றுகிற கையை அப்படியே நிறுத்திவிட்டாராம்.

"சார்வாள் போயிட்டாவளாம்வே... காலைல ஆறு மணிக்கு எடுக்காவ. அந்தம்மாவுக்கு இன்னும் தெரியாதாம். யாரும் அவுக வீட்டுப் பக்கம் போயி எதையும் கேட்டுத் தொலைக்காதிய."

நல்ல மனசு பாருங்கள். அந்த நல்ல மனசினால்தான் ஒருத்தரும் வந்து விசாரிக்கவில்லை. மூன்றாவது வீட்டுக்குச் செய்தி போகும்போது எனக்கு நெஞ்சுவலி வந்திருந்தது. ஐந்தாவது வீட்டில் என்னை ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோய்விட்டார்கள். தெருக்கடைசியில் என் மகன் பெங்களூரிலிருந்து ஃபிளைட் ஏறிவிட்டான். பொங்கலுக்குக்கூட வராத பயல், வதந்தியில் உடனே கிளம்பிவிட்டான்!

நானோ இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொண்டு, விளக்கை அணைத்துவிட்டு, சீக்கிரமே படுத்துவிட்டேன். ஓடப் போகிறவள் அவள்தான். ஆனாலும் தூக்கப்படுகிறவனுக்கும் ஒரு பொறுப்பு வேண்டாமா?

புதன்கிழமை காலை. தெருவின் தென்கோடியில் தண்ணீர்த் தொட்டி. அங்கிருந்து பேச்சிமுத்து கடைக் கம்பம் வரை சரியாக நூறு மீட்டர். ஹெப்சி குனிந்து, என் ஒரு கையைப் பிடித்து இழுத்து, வயிற்றுக்குக் கீழே தோளைக் கொடுத்து, ஒரே மூச்சில் நிமிர்ந்தாள். என் தலை அவள் முதுகுப் பக்கம் தொங்கியது. வானம் கீழே போனது, சாக்கடை மேலே வந்தது. மலர் "ஸ்டார்ட்!" என்று கத்தியபடி கூடவே ஓடி வந்தாள்.

"பத்து... இருவது..." என்று வினாடிகளை எண்ணினாள்.

காலையில் சாப்பிடாமல் வந்தது எவ்வளவு நல்லது என்று புரிந்தது. என் வீட்டைத் தாண்டினோம். "முப்பது..." அப்போதுதான் அந்தப் பக்கமிருந்து குரல்கள். தலையைக் கொஞ்சம் திருப்பிப் பார்த்தேன். வெள்ளை வெள்ளையாக எட்டுப் பேர், தெருவை அடைத்துக்கொண்டு, தலைகீழாக வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் மாலையோடு பேச்சிமுத்து.

"ஏலே... பாடியத் தூக்கிட்டு ஓடுதாலே!" என்று ஒருத்தர் அலறினார்.

"எங்கன கொண்டு போறா? பிடிங்கவே!"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. தெரிந்த முகங்கள், காலை நேரம். பழக்கதோஷம்... தொங்கிக்கொண்டே கையெடுத்துக் கும்பிட்டு, "வாங்க அண்ணாச்சி, வாங்க. காப்பி குடிச்சாச்சா?" என்றேன்.

மாலை கீழே விழுந்தது.

"பேசுதுவே!"

சிரிக்கலாம்தான். ஆனால் எனக்கு அந்த நிமிஷம் சிரிப்பு வரவில்லை. எழுபது மீட்டர் வந்துவிட்டோம். போன தடவை அவள் விழுந்த இடம். தோளின் நடுக்கம் என் வயிற்றில் தெரிகிறது, மூச்சு விசில் மாதிரி கேட்கிறது. எதிரே எட்டுப் பேர் மலைத்துப் போய் நடுத்தெருவில் நிற்கிறார்கள். நின்றால் போச்சு. ஜூன் மாதம், பள்ளிக்கூடம், சாக்பீஸ்.

"தள்ளுங்க!"

அந்தப் பிள்ளைக்கு அப்படி ஒரு குரல் இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. எட்டுப் பேரும் இரண்டாகப் பிரிந்து மதிலோடு ஒட்டிக்கொண்டார்கள். அதில் ஒருவர் ஞானராஜ் சார். கையில் பால் பாக்கெட். கண் சிவந்திருந்தது. பால் வாங்க வந்த இடத்தில் செய்தி கேட்டு, வழக்கமான வெள்ளைச் சட்டையோடு அப்படியே கூட்டத்தோடு கிளம்பியிருக்கிறார். மகள் அவரையும் தாண்டி ஓடினாள்.

"அம்பத்தெட்டு!" என்று மலர் கூவினாள். கம்பம் வந்துவிட்டது.

ஹெப்சி என்னைப் பொத்தென்று போடவில்லை. முட்டியை மடக்கி, என் பிடரியில் ஒரு கையைக் கொடுத்து, "பைய... பைய மாமா" என்று சொல்லிச் சொல்லி டீக்கடை பெஞ்சில் கிடத்தினாள். அப்புறம்தான் தரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள்.

ஞானராஜ் சார் பக்கத்தில் வந்தார்.

"ஓய்... இருக்கீரா?"

"இருக்கேன்வே. இப்போதைக்கு."

என் கையைப் பிடித்துக்கொண்டார். "மூணு வாரமாப் பேசாம இருந்துட்டோமேன்னு..." செத்தால்கூட நல்லதுதான் போலிருக்கிறது என்று ஒரு நிமிஷம் நினைத்தேன்.

அதற்குள் சத்தம் கேட்டு கோமதி வந்துவிட்டாள். அத்தனை வெள்ளைச் சட்டை. நடுத்தெருவில் ரோஜா மாலை.

"இது யாருக்கு?"

எல்லோரும் பேச்சிமுத்துவைப் பார்த்தார்கள். டீக்கடைக்காரருக்குச் சமயோசிதம் சொல்லியா கொடுக்க வேண்டும்?

"சார்வாளுக்கு அவார்டு கெடச்சிருக்குல்லா மைனி. ஒரு மரியாத செய்வோம்னு..."

கோமதி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "இவுகளுக்கா?" என்றாள். ஆனாலும் அந்த மாலையை எடுத்துப் போய் மூன்று நாள் டி.வி. மேல் வைத்திருந்தாள்.

ஒன்பது மணிக்குச் சென்னையிலிருந்து, நான் பத்தி எழுதும் பத்திரிகையின் ஆசிரியர் குழுத் தம்பி போன் செய்தார். "சார்... ஒரு நியூஸ் வந்துச்சு..." "பொய் நியூஸ் தம்பி." "அப்பாடா! அப்போ இந்த வாரப் பத்தி சாயங்காலத்துக்குள்ள வந்துருமா சார்?"

உயிர் பிழைத்ததற்கு உடனே தண்டனை.

ரோஜா மாலைக் கதை தப்பித்தது, நான் தப்பிக்கவில்லை. சாயங்காலம் இடுப்புப் பிடித்துக்கொண்டது. தைலம் தேய்க்கும்போது கோமதி கேட்ட கேள்விகளில் தோளில் தொங்கியதை ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. தடை உத்தரவு. 'இனிமே அந்தத் தொட்டிப் பக்கம் போனியன்னா பாத்துக்கிடுங்க.' தேர்வுக்கு ஆறே நாள். ஹெப்சிக்கு ஆள் இல்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்கு, இடுப்பில் பெல்ட்டோடு, அவளிடம் மன்னிப்புக் கேட்பதற்காக மெதுவாகத் தொட்டிப் பக்கம் போனேன். அங்கே ஹெப்சி, மலரோடு ஏற்கெனவே ஓர் ஆள் நின்றிருந்தார். பனியன், தார்ப்பாய்ச்சிக் கட்டிய வேட்டி.

"என்னவே, நீரா?"

"உமக்குத்தான் இடுப்புப் பிடிச்சிட்டுல்லா. அவளுக்கு ஆளு வேண்டாமா?" என்றார் ஞானராஜ் சார். "எழுவத்தெட்டு கிலோ. நேத்தே போயி எட போட்டுட்டு வந்தேன். என்னத் தூக்கிட்டான்னா அவ எவனையும் தூக்கிருவா."

"பள்ளிக்கூடத்துல எடம் சொல்லி வச்சிருந்தீரே?"

கண்ணாடியைக் கழற்றி மலரிடம் கொடுத்தார்.

"நேத்து எட்டுப் பேரு வந்தோம்வே. எதுக்கு? உம்ம எடுக்க. செத்த பொறவு எடுக்குததுக்கு எப்படியும் நாலு பேரு வந்திருவான். உயிரோட இருக்கையில தூக்கிட்டு ஓடுனது எம்மவ ஒருத்திதான்." வேட்டியை இன்னொரு தடவை இறுக்கிக்கொண்டார். "பயம் போயிட்டுன்னு நெனைக்காதியும். இப்பவும் பயமாத்தான் இருக்கு. ஆனா அவ தள்ளுங்கன்னு சொன்னாள்லா... நான் தள்ளிட்டேன்வே."

அவ்வளவுதான் சொன்னார். ஊர்ப்பிள்ளைகளை எல்லாம் வரிசையில் நிற்கவைத்த ஹெட்மாஸ்டர், தெருவில் மல்லாக்கப் படுத்துக்கொண்டு, "ஏட்டி, என்ன பாத்துக்கிட்டு நிக்க? பையத் தூக்கு" என்றார்.

ஹெப்சியால் உடனே தூக்க முடியவில்லை. முதலில் துப்பட்டாவால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டாள். அப்புறம்தான் குனிந்தாள்.

முதல் நாள் கால்வாசித் தெரு. அடுத்த நாள் என் வீட்டு வாசல். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போக வேண்டும் என்பதால் லீவு. தேர்வுக்கு முந்தின நாள் எழுபத்தெட்டு கிலோவையும் பேச்சிமுத்து கடைக் கம்பம் வரை கொண்டுவந்துவிட்டாள். ஒரு நிமிஷம் மூன்று வினாடி. ஞானராஜ் சார் தலைகீழாகத் தொங்கிக்கொண்டே, "மூணு செகண்ட் லேட்" என்றார்.

தேர்வில் கொடுத்த ஆள் ஒல்லியாம். "அப்பாவத் தூக்குன தோளுக்கு அந்த அண்ணன் பஞ்சு மூட்ட மாமா!" ஐம்பத்தோரு வினாடி. இறக்கும்போது அவரிடமும் "பைய, பைய" என்று சொன்னாளாம். அங்கிருந்த அதிகாரி எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாராம். போன வாரம் ஆர்டர் வந்துவிட்டது. ஞானராஜ் சார் அதைப் பேச்சிமுத்து கடையில் நின்று, கமா, ஃபுல்ஸ்டாப் விடாமல், பாடம் நடத்துகிற குரலில் வாசித்துக் காட்டினார். இரண்டு தடவை.

நானும் மகனுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். நெடுநேரம் சிரித்தான். "நெசமாவே நான் ஃபிளைட்ல வந்தேன்னா சொன்னாங்க?" என்றான். அப்புறம் கொஞ்சம் யோசித்து, அடுத்த மாதம் வருகிறேன் என்றிருக்கிறான். பார்ப்போம்.

ஒன்றே ஒன்றுதான் பாக்கி. அந்த அவார்டு மாலையின் உண்மை கோமதிக்கு இன்னும் தெரியாது. அவள் என் பத்தியைப் படிப்பதில்லை என்கிற தைரியத்தில் எழுதிவிட்டேன். ஒருவேளை இந்த வாரமாகப் பார்த்துப் படித்துத் தொலைத்துவிட்டால்...

ஹெப்சி, நாலு பேர் வந்து எடுப்பதற்குள் நீ வந்து தூக்கிவிடும்மா!